வார்த்துச் சேர்க்கும் கட்டடங்களில் விவசாயிகள் கவனிக்கவேண்டியவை

புதுச்சேரி நகரின் வடபகுதியில் கடலையடுத்து அமைந்துள்ள முத்தியால்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கறவை மாடு வைத்துப் பிழைப்போரும், தோட்டக்கால் பயிரிடுவோரும் கட்டடம் கட்டும் முறையில் சமீப காலத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. முன்னெல்லாம் மாட்டுக்கொட்டகை, கிடங்கு, வேலிச் சுவர் ஆகியவற்றைப் பனஞ்சட்டம், கீற்று, செங்கல், சுண்ணாம்பு முதலியவைகொண்டு ஸ்தலத்திலேயே கட்டி முடிப்பது வழக்கம். இப்பொழுதோ தூண், பலகை, உறை, உத்திரம் முதலிய உறுப்புக்களை வேறோர் இடத்தில் அச்சிலிட்டு வார்த்து, லாரியில் ஏற்றிவந்து, ஓரிரு தினங்களில் பொருத்தி முடித்துவிடுகின்றனர். சாதாரண ஜனங்கள் ‘ரெடிமேட்’ சுவர், ‘ரெடிமேட்’ கொட்டகை என்று கூறுவதும், இஞ்சினீயர்கள் பிரிகாஸ்ட் என்றும் மாடுலர் என்றும் கூறுவதும் இம்முறையையே ஆகும்.

இவ்வாறு கட்டியவை உறுதியாக நிற்குமா, போட்ட பணத்துக்கேற்ற ஆயுள் உடையனவா, நிலத்துக்கும் நீருக்கும் கேடு விளைவியாதனவா என்னும் மூன்று கேள்விகள் விவசாயிகளுக்கு எழுவது இயல்பே. இம்மூன்றுக்கும் விடை ஒன்றுதான். உறுப்பு நன்றாக வார்க்கப்பட்டு, இணைப்பு நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் இம்முறை பழைய முறைக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அது பணத்துக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்தாகும். ஆகவே, வாங்குமுன் எவற்றைப் பார்க்கவேண்டும், பொருத்தும்பொழுது எவற்றைக் கவனிக்கவேண்டும் என்பவற்றை இங்கே விவரிப்போம்.

முறை புதியதன்று

உறுப்புக்களைத் தனித்தனியே செய்து ஸ்தலத்தில் அடுக்கும் வழக்கம் நம் நாட்டிற்கு மிகப் பழையது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டிலும், மதுரைக்கு அருகிலுள்ள கீழடியிலும் நிலத்தை அகழ்ந்தபொழுது சுட்டமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்த கிணறுகள் வெளிப்பட்டன. குயவர் சூளையில் ஒரே அளவாகச் சுட்டெடுத்த உறைகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிக் கிணறு அமைப்பது இன்றைய சிமெண்டு உறைக் கிணற்றுக்கு எவ்விதத்திலும் வேறுபட்டதன்று.

புதுச்சேரி நகரத்துள்ளேயே மற்றோர் உதாரணம் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தாசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா என்னும் விடுதி, அன்டோனின் ரேமண்டு என்னும் சிற்பியின் திட்டப்படி 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பெற்றது. அதன் காங்கிரீட்டு மேல்தளத்தின்மேல், முன்னதாகவே வார்த்தெடுத்த வளைவான காங்கிரீட்டு ஓடுகளைக் காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்கியிருக்கின்றனர். வெயில் மேலோட்டில் தங்கிவிடுவதால் உள்ளறை குளிர்ந்திருக்கிறது. கடற்காற்றில் எத்தனையோ ஆண்டுகளாக அக்கட்டடம் நிலைத்திருப்பதற்குக் காரணம், வேலையில் காட்டிய நிதானமும் பின்னர் இடைவிடாது செய்துவரும் பராமரிப்புமே.

இதற்கு எதிரான அனுபவமும் உண்டு. தேசப்பிரிவினையினால் வீடிழந்து வந்தோருக்கு விரைவில் வீடு அளிக்கவேண்டி 1948-இல் தில்லியில் சர்க்கார் வீட்டுத் தொழிற்சாலை ஒன்றை ஏற்படுத்தினர். முதலில் வார்த்த சுவர்ப் பலகைகள் வெடிப்புக் கண்டமையால் அம்முயற்சி எதிர்பார்த்தபடி நடைபெறவில்லை. பின்னர் முறையைத் திருத்திக்கொண்டே அத்தொழிற்சாலை நீடித்தது. அண்மையில் சென்னைக்கு அடுத்த பெரும்பாக்கத்தில் மத்திய சர்க்காரின் திட்டத்தின்கீழ் வார்ப்பு உறுப்புக்களைக் கொண்டு 1,152 வீடுகள் கட்டப்பெற்று, 2022-ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்டன. பெரிய வேலைகளுக்கு இம்முறை பொருந்தும் என்பதில் இனி ஐயமில்லை. சிறிய வேலைகளில், அதிலும் மேற்பார்வையில்லாத கிராம வேலைகளில்தான் ஜாக்கிரதை தேவைப்படுகிறது.

இம்முறையின் அனுகூலங்கள்

1. காலம் மிச்சமாகும். அஸ்திவாரம் தோண்டும்பொழுதே உறுப்புக்கள் பட்டறையில் தயாராகிக்கொண்டிருக்கும். கறவை மாடுகளை வெளியில் கட்டிவைக்கும் நாட்கள் குறையும்.

2. நிழலில், சமதளத்தில், இரும்பு அச்சில் வார்ப்பதால் அளவு பிசகாது. மழை பெய்யும்பொழுதும் வேலை நிற்காது.

3. மணல், ஜல்லி, சிமெண்டு ஆகியவை ஸ்தலத்தில் சிந்திச் சேதமாவதில்லை. ஒரே அச்சைப் பன்முறை உபயோகிப்பதால் சாரப்பலகைக்கு மரம் வெட்டவேண்டுவதில்லை.

4. போல்ட்டுக் கொண்டு பூட்டிய கட்டடத்தைக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் எழுப்பலாம். நகரத்தை ஒட்டிய நிலங்கள் ஆண்டுதோறும் மனைக்கட்டுகளாக மாறிவரும் இப்பகுதியில் குத்தகை நிலத்தில் மாடு வைத்திருப்போருக்கு இது பெரிய அனுகூலமாகும். குத்தகை முடிந்தால் சுவரை இடித்து மண்ணாக்கிவிட்டுப் போகாமல் கொட்டகையைக் கூடவே எடுத்துச் செல்லலாம். இக்காரணம்பற்றியே, கூடியவரையில் பற்றவைப்பதைவிடப் போல்ட்டுப் பூட்டுவது சிறந்தது.

இணைப்பே உயிர்நிலை

ஸ்தலத்தில் ஒரே மூச்சில் வார்த்த காங்கிரீட்டுக் கட்டடம் ஓருடல் போன்றது. ஒரு பக்கம் தாக்கினால் பாரத்தை மற்றப் பக்கங்கள் பகிர்ந்துகொள்ளும். வார்த்துச் சேர்த்ததோ பல உறுப்புக்களின் கூட்டம். ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குப் பாரம் போகவேண்டுமானால் இணைப்பின் வழியாகவே போகவேண்டும். இணைப்பு வலுவற்றதாயின் உறுப்புக்கள் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயனில்லை.

இவ்வுண்மையை உலகத்துக்கு உணர்த்திய சம்பவம் ஒன்று லண்டன் நகரில் நேர்ந்தது. ரோனன் பாயிண்டு என்னும் 22 மாடிக் கட்டடம் வார்ப்புப் பலகைகளால் கட்டப்பெற்றது. குடியேறிச் சில வாரங்களுக்குள், 1968-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆந் தேதி, 18-ஆம் மாடியில் அடுப்பு வாயு வெடித்தது. சுவர்ப் பலகை ஒன்று வெளியே தள்ளப்பட, அதன்மேல் நின்ற பலகைகள் தாங்குவாரற்றுச் சரிந்து, அவற்றின் பாரத்தினால் கீழ்மாடிகளின் மூலையும் அடுக்கடுக்காக விழுந்தது. நால்வர் இறந்தனர். 1986-இல் அக்கட்டடத்தைக் கழற்றிப் பார்த்தபொழுது, சாந்து நிரப்பவேண்டிய இணைப்புக்கள் பல இடங்களில் சரிவர நிரப்பப்படாமல் வெற்றிடமாக இருக்கக் கண்டனர். மேலே பூச்சு அழகாயிருந்தமையால் உள்ளிருந்த குறை அத்தனை ஆண்டுகளும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நமது வேலிச் சுவருக்கும் கொட்டகைக்கும் இதே நியாயம் பொருந்தும். தூணின் அடி குழியில் நெட்டாக நின்று, சுற்றிலும் காங்கிரீட்டுக் கெட்டிப்பட்டிருக்கிறதா, பலகையின் முனை தூணின் காடியில் போதிய ஆழம் இறங்கியிருக்கிறதா, போல்ட்டின் மரை முழுவதும் பிடித்திருக்கிறதா, சந்துகளில் சாந்து முழுமையாக நிரம்பியிருக்கிறதா என்பவற்றைப் பூச்சுப் பூசுமுன் சொந்தக்காரர் தாமே பார்க்கவேண்டும். பூச்சுப் பூசிய பின்னர் பார்ப்பது வீண்.

உறுப்பைப் பரிசீலித்தல்

பட்டறைக்கு நேரில் சென்று வாங்குவதே உத்தமம். அங்கு கவனிக்கத்தக்கவை வருமாறு:

(அ) வார்த்த தேதி உறுப்பின்மேல் எழுதப்பட்டிருக்கவேண்டும். காங்கிரீட்டின் முழுவலுவைக் கணக்கிடுவது 28 நாட்கள் கழித்தே. நேற்று வார்த்ததை இன்று ஏற்றி அனுப்பும் பட்டறையில் வாங்கலாகாது.

(ஆ) வார்த்தவற்றைச் சாதாரண சிமெண்டாயின் 7 நாட்களுக்குக் குறையாமலும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் 10 நாட்களுக்குக் குறையாமலும் நனைத்து வைத்திருக்கவேண்டும். சாக்குப் போர்த்தி ஈரம் காயாமல் வைத்திருக்கிறார்களா, வெயிலில் வெறுமனே காயப்போட்டிருக்கிறார்களா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஈரமின்றிக் காய்ந்த காங்கிரீட்டு ஆணியால் கீறினால் பொடியாக உதிரும்.

(இ) சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலிப்பதில் வெடிப்போ பொந்தோ இருக்கலாம். முகத்தில் தேன்கூடுபோல் ஜல்லி தெரியும் பொந்துகள் இருந்தால் தள்ளிவிடவேண்டும். அவற்றைச் சாந்து பூசி மறைத்துக்கொடுப்பதை ஏற்கலாகாது.

(ஈ) கலவையில் தண்ணீர் மிகுந்தால் வார்ப்பது சுலபம், வலுவோ குறையும். கடலோரக் காங்கிரீட்டுக்குச் சிமெண்டின் எடையில் 100-க்கு 45 பங்குக்குமேல் ஜலம் கூடாதென்பது விதி. அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, 22½ லிட்டர். கஞ்சிபோல் ஓடும் கலவையை வார்க்கும் பட்டறையின் சரக்கு மலிவாயினும் வேண்டாம்.

(உ) நான்கைந்து உறுப்புக்களை நூல்பிடித்தும் மூலைமட்டம் வைத்தும் அளந்து பார்க்கவேண்டும். அளவு பிசகிய உறுப்பைப் பொருத்த முனை உடைக்கப்படும். அங்கிருந்தே கேடு தொடங்கும்.

உப்புக் காற்றும் கம்பியும்

முத்தியால்பேட்டை, சோலை நகர், கோட்டக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளுக்கு இது தனியே சொல்லத்தக்கது. காங்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருவினின்று காப்பது அதன்மேல் மூடியுள்ள காங்கிரீட்டின் கனமே. உப்பும் ஈரமும் அக்கனத்தைக் கடந்து உட்சென்றால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து மேலுள்ள காங்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். முதலில் கம்பி ஓடும் வழியே நீண்ட கீறலும், பிறகு செந்நிறக் கறையும், பின்னர் சில்லுச் சில்லாக உதிர்வதும் இதன் அடையாளங்கள்.

இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் எண் விதி (2000), கடற்காற்றுக்கு இலக்கான காங்கிரீட்டில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 1¾ அங்குலம், மூடியிருக்கவேண்டும் என்று கூறுகிறது. சந்தையில் விற்கும் வேலிப் பலகை பெரும்பாலும் 2 அங்குலக் கனமே உடையது. நடுவில் கம்பி வைத்தாலும் இருபுறமும் ஓரங்குலங்கூட மூடாது. ஆகவே, இப்பலகைகளைக் கடலுக்கு அண்மையில் நிரந்தரமானவையென்று எண்ணிப் பணம் போடலாகாது. குறைந்த ஆயுளுடைய வேலியாக மட்டும் கொள்ளலாம். அவற்றின்மேல் கூரைப் பாரத்தை ஒருபோதும் ஏற்றலாகாது. பாரம் தாங்கும் தூண்களுக்கு விதிப்படியான கனத்தைக் கேட்டு வாங்கவேண்டும். கம்பி அச்சின் அடியில் படியாதபடி சிமெண்டு வில்லைகள் வைத்து வார்க்கிறார்களா என்று பார்க்கவேண்டும். கடல் மணலையும் உவர்நீரையும் கலவையில் சேர்ப்பவரிடம் எதுவும் வாங்கவேண்டாம்.

வேலிச் சுவரையொட்டி எருக்குப்பையோ மண்ணோ குவிப்பதும் கூடாது. மெல்லிய பலகை காற்றைத் தடுக்கவல்லதேயன்றி மண்ணைத் தாங்கவல்லதன்று. மழைக்காலத்தில் ஊறிய குப்பையின் பாரத்தால் சுவர் சாய்ந்து, மறுபுறம் நடப்போர்மேல் விழக்கூடும்.

புயலும் கொட்டகையும்

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆந் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியதையும், 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையேறி ஒரே நாளில் 45 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட மழையைக் கொட்டியதையும் நாம் மறந்திருக்கமாட்டோம். கொட்டகை அமைப்போர் இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே அமைக்கவேண்டும்.

கொட்டகை பாரத்தினால் கீழே விழும் என்றே பலரும் அஞ்சுகின்றனர். தகரக் கொட்டகைக்கு உண்மையான அபாயம் மேலே பறப்பதுதான். கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இக்கடற்கரைக்குக் கட்டடக் கணக்கில் கொள்ளும் காற்றின் வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அவ்வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடைக்கு ஒப்பாக அழுத்தும். 12 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள கூரைப் பகுதி சுமார் 17 சதுர மீட்டர். பக்கங்கள் திறந்த கொட்டகையில் காற்று அடியிற் புகுந்து தூக்கும் விசை 2,500 கிலோ அளவுக்கு வரலாம். அப்பகுதியின் தகரமோ 100 கிலோகூட இராது. ஆகவே, கூரையைத் தரையோடு பிடித்துவைத்திருப்பது அதன் எடையன்று. தகரத்தைச் சட்டத்தோடும், சட்டத்தைத் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் பிணைக்கும் பூட்டுக்களே. இச்சங்கிலியில் ஒரு கண்ணி இற்றாலும் கூரை போய்விடும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். சாதாரணக் காற்றுக்குத் தாங்கிய கொட்டகை புயலுக்கும் தாங்கும் என்று எண்ணுவது பிழை.

இதற்குச் செய்யவேண்டியவை:

1. தூணின் அடி அகன்ற காங்கிரீட்டுப் பாதத்தில் பூட்டப்பட்டு 4 அடி ஆழத்தில் புதைந்திருக்கவேண்டும். 3 அடிச் சதுரப் பாதத்தின்மேல் நிற்கும் மண் காய்ந்த நிலையில் 1,600 கிலோ அளவு எடை உடையது. அதுவே தூணைப் பிடித்துவைக்கும். ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய மண்ணின் பிடிமானம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். புயலும் வெள்ளமும் ஒன்றாகவே வருவன. ஆதலால் தாழ்ந்த நிலத்தில் பாதத்தை இன்னும் அகலமாக்கவேண்டும். அளவை இஞ்சினீயரிடம் கேட்டு முடிவு செய்தல் நலம்.

2. மூலைத் தூண்களுக்கிடையே குறுக்குச் சட்டங்கள் பெருக்கற்குறிபோல் இருத்தல் அவசியம்.

3. தகரத்தைக் கொக்கி போல்ட்டும் அகன்ற வாஷரும் கொண்டு பூட்டவேண்டும். விளிம்புகளிலும் முகட்டிலும் போல்ட்டுக்களை நெருக்கமாக இடவேண்டும். காற்று முதலில் பற்றியிழுப்பது அவ்விடங்களையே.

4. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி மாதத்தில் எல்லா மரைகளையும் திருகிப் பார்த்துத் துருப்பிடித்தவற்றை மாற்றிவிடவேண்டும்.

பழைய கல்நார்த் தகடுகள் உள்ள கொட்டகைகளில் அவற்றை அறுப்பதும் உடைப்பதும் கூடாது. அத்தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. கழற்றவேண்டின் நனைத்து முழுத்தகடாக இறக்கவேண்டும்.

மூன்று மாட்டு அளவு

இம்முறையின் நன்மையை முழுவதும் பெறவேண்டுமானால் ஓர் அளவை நிச்சயித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதன் மடங்காக அமைக்கவேண்டும். கறவைப் பசு ஒன்றுக்கு நிற்கும் அகலம் 4 அடி. ஆகவே 12 அடிக்கு ஒரு தூண் வைத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று பசுக்கள் நிற்கும். ஆறு பசுக்களுக்கு இரண்டு கட்டம், ஒன்பதுக்கு மூன்று. மாடு பெருகும்பொழுது அதே அளவுத் தூண், அதே அளவுச் சட்டம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பழையதை இடிக்கவேண்டுவதில்லை.

கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் படாது. இறவாரம் 7 அடிக்குக் குறையலாகாது. பசு நிற்க 5½ அடி, தொட்டிக்கு 2 அடி, மூத்திரக் கால்வாய்க்கு 1 அடி கணக்கிட்டு மீதியை நடைபாதைக்கு விடலாம். தரை 40 அங்குலத்துக்கு 1 அங்குலம் சாய்வாக இருக்கவேண்டும். தரையைச் சொரசொரப்பாக விடவேண்டும். வழவழப்பான தரையில் சினைமாடு வழுக்கி விழுந்து கெடும். தீவனத் தொட்டியையும் கால்வாயையும் வார்ப்பாகவே வாங்கிப் பதிக்கலாம். முகட்டில் காற்றுப்போக இடைவெளி விட்டு, தகரத்தின்மேல் கீற்றுப் பரப்பிக் கயிற்றால் கட்டினால் கோல்கொண்டாவின் இரட்டைக் கூரை போலவே சிறிய செலவில் உஷ்ணம் தணியும், பாலும் குறையாது. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் கீற்றை இறக்கிவிடவேண்டும்.

உறைக் கிணறு

3 அடி உள்விட்டமும் ஓரடி உயரமும் 2 அங்குலக் கனமும் உள்ள சிமெண்டு உறை ஒன்று 110 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. இதனைக் கயிறு கட்டிக் கைகளால் இறக்குவது ஆபத்து. மூன்று கால் நாட்டிச் செயின் பிளாக்கு மாட்டி இறக்கவேண்டும். இறக்கும்பொழுது கிணற்றுள் எவரும் இருக்கலாகாது. கடலோர மணல் சட்டெனச் சரியும் இயல்புடையது. ஆகையால் குழியைத் தோண்டிவிட்டுப் பிறகு உறை இறக்குவதைவிட, முதலுறையை வைத்து அதனுள் மண்ணெடுத்து உறையையே கீழிறங்கச் செய்வது பத்திரமானது. மேல் 10 அடி வரையில் உறைச் சந்துகளைச் சாந்தால் இறுக்கமாக அடைத்து, வாயைச் சுற்றித் திண்ணை கட்டினால் சாக்கடை நீர் கசியாது. மலத்தொட்டிக்கு இறக்கிய உறைக்குழியும் எருக்குழியும் குடிநீர்க் கிணற்றுக்கு 60 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கவேண்டும்.

நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் கெட்ட காற்றுத் தங்கியிருக்கும். எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அணைந்தால் இறங்கலாகாது என்பது பழைய பரீட்சை. ஆனால் விளக்கு எரிந்தாலும் எல்லா விஷக்காற்றும் இல்லையென்று ஆகிவிடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்கவேண்டும். ஆயில் இஞ்சினைக் கிணற்றுள் இறக்கி ஓட்டினால் அதன் புகை சிறிது நேரத்தில் ஆளைக் கொல்லும். மலத்தொட்டியிலோ நெருப்பைக் காட்டினாலே வெடிக்கும். அதனுள் ஆளை இறக்குவது 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமும் ஆகும். உள்ளே மயங்கி விழுந்தவனைக் காக்க மற்றொருவன் உடனே குதிப்பதால் ஓருயிர் போவதற்குப் பதில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன என்பதை வேலையாட்களுக்கு முன்னரே எடுத்துச் சொல்லவேண்டும்.

மண் கட்டியும் மேல்மண்ணும்

சிமெண்டு தயாரிப்பதில் மிகுந்த கரியமிலவாயு காற்றில் கலக்கிறது. செங்கற்சூளையோ விறகையும் நிலக்கரியையும் விழுங்குவதோடு விளைநிலத்தின் மேல்மண்ணையும் கொண்டுபோகிறது. இவ்விரண்டையும் குறைக்க நமக்கு அண்மையிலேயே ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது.

புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில் 1968-இல் தொடங்கிய ஆரோவிலில், எர்த் இன்ஸ்டிட்யூட் என்னும் நிலையத்தார், மண்ணோடு 100-க்கு 5 பங்கு சிமெண்டு கலந்து இயந்திரத்தில் அழுத்திக் கட்டிகள் செய்கின்றனர். இவற்றைச் சூளையில் சுடுவதில்லை. நான்கு வாரம் ஈரத்தில் வைத்துப் பக்குவப்படுத்துகின்றனர். நாட்டுச் செங்கல்லுக்குச் செலவாகும் எரிசக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே இதற்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. 1989-க்கும் 1992-க்கும் இடையே கட்டிய அவ்வூர் விருந்தினர் நிலையம் இக்கட்டிகளால் ஆனது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் துளையுள்ள கட்டிகளையும் செய்கின்றனர். துளைவழியே கம்பி செலுத்திச் சாந்து ஊற்றினால் சுவர் ஓருடலாகும். 2001-ஆம் வருஷம் ஜனவரியில் குஜராத்தில் பூகம்பம் நேர்ந்த பிறகு, முன்னதாகத் தயாரித்த உறுப்புக்களைக்கொண்டு கட்ச் ஜில்லாவில் சிறு வீடொன்றை மூன்று தினங்களுக்குள் எழுப்பிக் காட்டினர். அதே ஆண்டு செப்டம்பர் 25-ஆந் தேதி புதுச்சேரிக் கடலில் 5.5 அளவுள்ள நில அதிர்ச்சி உண்டானதை நினைத்தால், கம்பியிட்ட இணைப்பு நமக்கும் வேண்டியதே என்பது விளங்கும்.

இதற்கேற்ற மண் ஏறக்குறையப் பாதி மணலும், ஐந்தில் ஒரு பங்கு களியும், மீதி சரளையும் வண்டலுமாக இருக்கவேண்டும். முத்தியால்பேட்டையின் கடல் மணலில் களியுமில்லை, உப்பும் உண்டு. ஆகவே அது உதவாது. மேட்டுப்பாங்கான செம்மண்ணே ஏற்றது. கண்ணாடிப் போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி ஒருநாள் வைத்தால் சரளை, மணல், வண்டல், களி ஆகியவை அடுக்காகப் படியும். அவ்வடுக்குக்களை அளந்து விகிதத்தை ஒருவாறு அறியலாம். தயாரான கட்டியை ஒரு நாள் நீரில் ஊறவைத்து எடுத்தால் முனை கரையாதிருக்கவேண்டும்.

ஒரு விஷயத்தை விவசாயிகள் மறக்கலாகாது. கட்டிக்கு மேல்மண்ணை எடுக்கவே கூடாது. முதல் ஓரடி மண் பயிரின் உணவுக் களஞ்சியம். அதிலுள்ள மக்கு கட்டியின் வலுவையும் கெடுக்கும். மேல்மண்ணை ஒதுக்கிக் குவித்துவைத்து, அடிமண்ணை எடுத்து, பள்ளத்தை மழைநீர்க் குட்டையாக அமைத்து, ஒதுக்கிய மண்ணை வயலில் பரப்பிவிட்டால் கட்டடமும் நீரும் நிலமும் மூன்றும் நமக்கே மிஞ்சும்.

பொருத்தும் வேளையில்

6 அடி நீளமும் ஓரடி அகலமும் 2 அங்குலக் கனமும் உள்ள பலகை 65 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. தூண்கள் அதற்கும் மேல். இறக்கும்பொழுது பலகையைக் குத்தாக நிறுத்தித் தூக்கவேண்டும். மல்லாக்காகத் தூக்கினால் நடுவில் வெடிக்கும். தூணை நட்டவுடன் தூக்குக் குண்டு பார்த்து இருபுறமும் முட்டுக் கொடுத்து, குழிக் காங்கிரீட்டு இறுகும்வரை முட்டை எடுக்கலாகாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போக விரும்பும் வேலையாட்கள் இதில்தான் அவசரப்படுவர். பாரம் தொங்கும் இடத்தின் கீழ் எவரும் நிற்கலாகாது. குழந்தைகளையும் கன்றுகளையும் அப்புறப்படுத்திவிடவேண்டும். மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் நீண்ட இரும்புச் சட்டங்களை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து.

பட்டறைக்காரரோடு பேசும்பொழுது விலையை மட்டும் எழுதிக்கொள்ளாமல், காங்கிரீட்டின் தரம், கம்பியின் கனம், கம்பிமேல் மூடும் கனம், வார்த்து எத்தனை நாள் கழித்து அனுப்புவது, பாதத்தின் அளவு, போல்ட்டின் அளவு, வழியில் உடைந்தவற்றை யார் மாற்றித் தருவது ஆகியவற்றையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நலம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காமல் ஒரு பகுதியை, இணைப்புக்களைப் பார்வையிட்ட பின்னரே கொடுக்கவேண்டும். கொட்டகை அமைக்க எண்ணுவோர் அடுத்துள்ள உழவர் உதவியகத்தில் மாடுகளின் எண்ணிக்கையையும் நிலத்தின் அளவையும் தெரிவித்தால் இடம், திசை, அளவு ஆகியவைபற்றி ஆலோசனை பெறலாம்.

மலிவும் விரைவும் இம்முறையின் நன்மைகளாயினும், கொட்டகை புயலில் நிற்பது அவற்றினாலன்று. மண்ணுக்குள் மறையும் பாதமும், பூச்சுக்குள் மறையும் சந்தும், துருவுக்குள் மறையும் மரையுமே அதனை நிறுத்துவன. ஆகையால் அவை மறையுமுன் பார்த்து, பிறகும் ஆண்டுக்கொருமுறை தேடிப் பார்த்துவரும் விவசாயிக்கு இக்கட்டடம் நெடுங்காலம் உதவும்.